சிறுமூளைத் தள்ளாட்ட நோய் (எஸ்சிஏ 1): நோயின் போக்கைக் கண்காணித்தல்

நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் உரிய விளக்கம்

சிறுமூளைத் தள்ளாட்ட நோய் மெதுவாக முற்றும் ஓர் அரிய நரம்பியல் நோயாகும். மருத்துவமனையில் இந்நோய் ‘ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா’ என்றும், சுருக்கமாக ‘எஸ்சிஏ’ என்றும் குறிக்கப்படுகிறது. இதில் பல வகைகள் உள்ளன. தென்னிந்தியாவில் பரவலாக அறியப்பட்ட முதலாம் வகையைப் பற்றியே (எஸ்சிஏ 1) இப்பக்கம் பேசுகிறது. நோயின் போக்கை மருத்துவமனையில் எவ்வாறு அளவிடுகிறார்கள், வீட்டில் நீங்கள் எவற்றைக் குறித்துவைக்க வேண்டும், அக்குறிப்புகளைக் கொண்டு எந்தெந்த முடிவுகளை எடுக்கலாம் என்பவற்றை இங்கே அறியலாம்.

முக்கியச் செய்திகள்

• ஒரே ஒரு நாளில் எடுத்த அளவு நோயின் போக்கைக் காட்டாது. ஒரே முறையில், சீரான இடைவெளியில், தொடர்ந்து எடுத்த அளவுகளே அதனைக் காட்டும்.
• இந்நோய் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மெதுவாக மாறும். சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ நிலை மோசமானால் அதற்கு வேறு காரணம் இருக்கக்கூடும். அக்காரணம் பல நேரங்களில் சரிசெய்யத்தக்கதாக இருக்கும்.
• விழுதல், புரையேறுதல், உடல் எடை குறைதல் ஆகிய மூன்றையும் தவறாமல் குறித்துவையுங்கள்.
• கண்காணிப்பின் பயன் எண்களைச் சேர்ப்பதில் இல்லை. உரிய நேரத்தில் ஊன்றுகோல், உணவு மாற்றம், தொழில் மாற்றம், சான்றிதழ் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வதே அதன் பயன்.

இந்நோய் எதனால் ஏற்படுகிறது?

உடலின் சமநிலையையும் கை, கால், நாக்கு, கண் ஆகியவற்றின் அசைவுகளையும் ஒழுங்குபடுத்துவது சிறுமூளை. எஸ்சிஏ 1 நோயில் சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும் உள்ள நரம்புச் செல்கள் படிப்படியாகச் சிதைகின்றன. தசையில் வலிமை இருந்தபோதிலும் அசைவில் ஒழுங்கு குறைகிறது. நடை தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது, எழுத்து கோணுகிறது, விழுங்குவது கடினமாகிறது.

ஆறாவது குரோமோசோமில் உள்ள ‘ஏடிஎக்ஸ்என் 1’ என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதற்குக் காரணம். இம்மரபணு 1993-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அதில் ‘சிஏஜி’ என்னும் மூன்றெழுத்துக் குறியீடு அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வருகிறது. இத்தொடர் இடையீடின்றி 39 அல்லது அதற்கு மேற்பட்ட முறை நீண்டிருந்தால் நோய் தோன்றுகிறது. பெரும்பாலோர்க்கு 30 முதல் 40 வயதுக்கு மேல் அறிகுறிகள் தொடங்குகின்றன. தொடர் நீளமாக இருக்குமளவுக்கு அறிகுறிகள் இளம் வயதிலேயே தோன்றுவது வழக்கம். தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும்போது இத்தொடர் மேலும் நீளக்கூடும்.

பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. ஆண், பெண் என்ற வேறுபாடு இதில் இல்லை. இது தொற்றுநோய் அன்று. குலசாபமோ, செய்வினையோ, உணவுப் பழக்கமோ இதற்குக் காரணம் அல்ல.

தமிழ்நாட்டில் இந்நோய்

உலக அளவில் அரியதாயினும் இந்நோய் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. தமிழ்ச் சமூகம் ஒன்றில் எஸ்சிஏ 1 மிகுதியாகக் காணப்படுவதைத் தமிழக நரம்பியல் மருத்துவர்கள் 2005-ஆம் ஆண்டு ‘நியூராலஜி இந்தியா’ இதழில் வெளியிட்டனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி, பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் தென்னிந்தியக் குடும்பங்களில் இந்நோயின் மரபணுத் தன்மையை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டனர். ஆகவே, உங்கள் குடும்பத்தில் பல தலைமுறைகளாக நடுவயதில் தள்ளாட்டம் காணப்பட்டு வந்திருப்பின், நீங்கள் மட்டுமே இதை எதிர்கொள்வதாக எண்ண வேண்டாம்.

இவ்விளக்கத்தில் வரும் அன்றாட எடுத்துக்காட்டுகள், விழுப்புரம் மாவட்டத்தின் பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் வரையுள்ள கடற்கரையின் மீன்பிடித் தொழிலையும் உப்பளத் தொழிலையும் ஒட்டி அமைந்துள்ளன. அதனால் இந்நோய் அப்பகுதிக்கே உரியது என்று பொருள் கொள்ள வேண்டாம். சமநிலை குறையும்போது படகிலும் உப்பளத்து வரப்பிலும் நேரும் இடர்களை முன்கூட்டியே அறிந்துகொள்வது அங்குள்ள குடும்பங்களுக்கு மிகவும் தேவையானது என்பதாலேயே அவை எடுத்துக்கொள்ளப்பட்டன.

ஏன் கண்காணிக்க வேண்டும்?

முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லாதபோது அளந்து பார்ப்பதால் என்ன பயன் என்று பலர் கேட்கின்றனர். பயன் நான்கு வகைப்படும்.

1. இடரைத் தவிர்த்தல். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பின் ஊன்றுகோல் வாங்குவதைவிட, இரண்டாம் முறை தடுமாறியபோதே வாங்குவது மேல்.
2. வேறு நோய்களைக் கண்டறிதல். வழக்கமான போக்கு தெரிந்திருந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது புலப்படும்.
3. சிகிச்சையின் பயனை மதிப்பிடுதல். இயன்முறைப் பயிற்சியால் நன்மை விளைகிறதா என்பதை முன்னும் பின்னும் எடுத்த அளவுகளே சொல்லும்.
4. உரிமைகளைப் பெறுதல். மாற்றுத்திறன் சான்றிதழ், பணி மாற்றம், உதவித்தொகை ஆகியவற்றுக்கு நோயின் படிநிலையைக் காட்டும் பதிவுகள் துணைபுரியும்.

மருத்துவமனையில் எவ்வாறு அளவிடுகிறார்கள்?

உலகெங்கும் பயன்படும் அளவுகோல் ‘சாரா’ எனப்படுகிறது. இது 2006-இல் வெளியிடப்பட்டது. இதற்கு ஊசியோ கருவியோ தேவையில்லை. மருத்துவர் உங்களைச் சில செயல்களைச் செய்யச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இடுவார். தேர்வு மதிப்பெண்ணுக்கு மாறாக, இங்கே எண் கூடினால் சிரமம் கூடியுள்ளது என்று பொருள். மொத்தம் 0 முதல் 40 வரை.

• நடை: சுவரை ஒட்டி நடந்து, திரும்பி, பின்னர் குதிகாலும் விரலும் தொடும்படி அடி வைத்தல் (0 முதல் 8)
• நிற்றல்: கால்களைச் சேர்த்தும், ஒன்றன்முன் ஒன்றாக வைத்தும் நிற்றல் (0 முதல் 6)
• உட்கார்தல்: பிடிமானம் இன்றி, கைகளை நீட்டி அமர்தல் (0 முதல் 4)
• பேச்சு: இயல்பான உரையாடலில் தெளிவு (0 முதல் 6)
• விரலைத் தொடர்தல்: மருத்துவரின் விரல் நகரும் இடத்துக்கு உங்கள் விரலைக் கொண்டுசெல்லுதல் (0 முதல் 4)
• மூக்கையும் விரலையும் மாறி மாறித் தொடுதல் (0 முதல் 4)
• கையை விரைவாகப் புரட்டுதல்: உள்ளங்கையும் புறங்கையும் மாறி மாறித் தொடையில் படும்படி செய்தல் (0 முதல் 4)
• குதிகாலை மறுகாலின் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை வழுக்கிச் செல்லச் செய்தல் (0 முதல் 4)

கடைசி நான்கு செயல்களும் வலம், இடம் இரு பக்கமும் செய்யப்பட்டு, சராசரி கணக்கிடப்படும்.

ஐரோப்பாவில் 526 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2015-இல் வெளியாயின. அதன்படி சாரா மதிப்பு ஓராண்டில் சராசரியாக எஸ்சிஏ 1 நோயில் 2.11, மூன்றாம் வகையில் 1.56, இரண்டாம் வகையில் 1.49, ஆறாம் வகையில் 0.80 என உயர்ந்தது. ஆக, இந்த நான்கனுள் முதலாம் வகையே விரைவாக முற்றுகிறது. எனவே, வேறு வகை நோயுள்ள ஒருவருடன் உங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தாது.

சராசரி என்பது பலரின் கணக்கு. உங்கள் மதிப்பு ஓராண்டில் ஒன்று உயரலாம், மூன்றும் உயரலாம். களைப்பு, காய்ச்சல், உறக்கக் குறைவு, பரிசோதிப்பவர் மாறுதல் ஆகியவற்றாலும் ஓரிரு புள்ளிகள் வேறுபடக்கூடும். ஆகவே ஒரு முறை காணும் சிறு உயர்வைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். சிறு குறைவைக் கண்டு நோய் நீங்கிவிட்டதாகக் கருதவும் வேண்டாம். இயன்றவரை ஒரே மருத்துவமனையில், ஒரே வேளையில், ஒரே வகைக் காலணியுடன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் மொத்த மதிப்பை மட்டுமன்றி, எட்டு உறுப்புகளின் மதிப்பையும் எழுதித் தருமாறு கேளுங்கள். நடையில் மாற்றமின்றிப் பேச்சு மட்டும் குறைந்திருந்தால், தேவைப்படுவது பேச்சுப் பயிற்சி. மொத்த எண் அதனை மறைத்துவிடும்.

சாரா அளவுகோல் காட்டாத சிரமங்களும் உண்டு. விழுங்குதல், கண் அசைவு மந்தமாதல், கால் மரத்துப்போதல், தசைப்பிடிப்பு, சிறுநீர் அவசரம், மனச்சோர்வு, நினைவாற்றல் ஆகியவற்றை மருத்துவர் தனியே கேட்டறிவார். அவர் கேட்காவிடினும் நீங்களே சொல்லுங்கள்.

நான்கு படிநிலைகள்

நோயின் நீண்டகாலப் போக்கை மருத்துவர்கள் நடையை வைத்து நான்காகப் பிரிப்பர்.

• படிநிலை 0: நடையில் சிரமம் இல்லை
• படிநிலை 1: நடையில் சிரமம் தொடங்கியுள்ளது, துணையின்றி நடக்க முடிகிறது
• படிநிலை 2: எப்போதும் ஊன்றுகோலோ நடைச்சட்டமோ ஒருவரின் கையோ தேவை
• படிநிலை 3: சக்கர நாற்காலி தேவை

ஒரு படிநிலையிலிருந்து அடுத்ததற்குச் செல்லப் பல ஆண்டுகள் ஆகலாம். அந்த இடைக்காலத்தில் நிகழும் சிறு மாற்றங்களை அறியவே வீட்டுப் பதிவேடு தேவைப்படுகிறது.

வீட்டில் எவற்றைக் குறிக்க வேண்டும்?

மருத்துவர் உங்களைக் காண்பது ஆண்டில் ஓரிரு முறை, சில நிமிடங்கள் மட்டுமே. மற்ற நாட்களைக் காண்பவர்கள் வீட்டில் உள்ளவர்களே. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். கீழ்க்காணும் முதல் மூன்றையும் நிகழும்போதெல்லாம் எழுதுங்கள். மற்றவற்றை மாதம் ஒரு நாள், ஒரே வேளையில் பாருங்கள்.

1. விழுதல். நாள், நேரம், இடம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, அடிபட்டதா என்பவற்றை எழுதுங்கள். விழப்போய்ச் சுவரையோ கயிற்றையோ பிடித்துக்கொண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணலில் நடக்கையிலா, இருட்டில் கழிவறைக்குச் செல்கையிலா, தலையில் சுமையுடனா என்பது தெரிந்தால் தடுப்பதற்கு வழி பிறக்கும்.

2. விழுங்குதல். தண்ணீர் அருந்தும்போது இருமல், அருந்தியபின் குரல் ஈரமாக ஒலித்தல், ஒரு வேளை உணவுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆதல், அடிக்கடி சளிக்காய்ச்சல் வருதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். உணவு மூச்சுக்குழலுக்குள் சென்றால் நிமோனியா ஏற்படும். இந்நோயில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இவ்வழியாகவே வருவதால், இப்பகுதியை ஒருபோதும் விட்டுவிட வேண்டாம்.

3. கால் புண்கள். இந்நோயில் பாத உணர்ச்சி மங்கக்கூடும். உப்புப் பாத்தியில் இறங்குபவர்கள் உப்புக்கல் கீறியதை உணராமல் இருக்கலாம். நாள்தோறும் இரவில் பாதங்களைப் பார்த்து, காயம் இருந்தால் குறியுங்கள்.

4. உடல் எடை. மாதம் ஒரு முறை, ஒரே தராசில் பாருங்கள். துணை செவிலியரிடமோ அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ பார்த்துக்கொள்ளலாம்.

5. நடை நேரம். சமதளத் தரையில் 8 மீட்டர் தூரத்துக்கு இரு கோடுகள் இடுங்கள். வழக்கமான ஊன்றுகோலுடன், பாதுகாப்பாக இயன்ற வேகத்தில் நடந்து, ஆகும் வினாடிகளைக் கைப்பேசியில் அளந்து எழுதுங்கள். இருமுறை நடந்து சராசரி எடுங்கள். ஒருவர் பக்கத்திலேயே உடன் நடக்க வேண்டும். குதிகாலும் விரலும் தொடும்படி நடக்கும் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம்.

6. பேச்சு. ‘பட்டா’ என்னும் ஒலியை 10 வினாடிகளில் எத்தனை முறை தெளிவாகச் சொல்ல முடிகிறது என எண்ணுங்கள். நடை நேரமும் இவ்வெண்ணிக்கையும் மருத்துவ ஆய்வுகளிலும் பயன்படுபவை. மேலும், ஒரே பத்தியை மாதந்தோறும் படித்துக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஆறு மாத இடைவெளியில் இரண்டையும் கேட்டால் வேறுபாடு தெளிவாகும்.

7. கை வேலை. உங்களுக்குப் பழகிய ஒரு வேலையைத் தேர்ந்துகொள்ளுங்கள்: சட்டைப் பொத்தான் இடுதல், கையொப்பம் இடுதல், ஊசிநூல் கொண்டு கிழிந்த வலையைச் சீர்செய்தல். ஆகும் நேரத்தையும் பிறர் உதவி தேவைப்பட்டதா என்பதையும் எழுதுங்கள். கையொப்பத்தை நோட்டிலேயே இட்டு வந்தால் அதுவே ஓர் ஆவணமாகும்.

8. உறக்கமும் மனநிலையும். உறக்கம், தசைப்பிடிப்பு, சிறுநீர் அவசரம், வெளியே செல்ல விருப்பமின்மை ஆகியவற்றை ஒரு வரியில் குறியுங்கள்.

பதிவு எவ்வாறு அமையலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு:

“மாதத்தின் முதல் ஞாயிறு, காலை 8 மணி. எடை 54 கிலோ (சென்ற மாதம் 55). 8 மீட்டர் நடை 11 வினாடி, கைத்தடியுடன். ‘பட்டா’ 18 முறை. இம்மாதம் விழுந்தது 1 முறை: மாலையில் கடற்கரை மணலில், அடி இல்லை. தடுமாறியது 3 முறை: மூன்றும் இருட்டிய பின். தண்ணீர் குடிக்கையில் இருமல் 2 நாள்.”

இப்பதிவைக் காணும் மருத்துவர் இரண்டு செய்திகளை உடனே உணர்வார். தடுமாற்றம் இருட்டில் நிகழ்கிறது. ஆகவே கண்பார்வையின் துணை குறையும்போது கால் உணர்ச்சி ஈடுகொடுக்கவில்லை. இருமலும் எடைக் குறைவும் சேர்ந்து வருகின்றன. ஆகவே விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும். “முன்னைவிடக் கொஞ்சம் மோசம்” என்று மட்டும் சொல்லியிருந்தால் இவ்விரண்டும் தெரிந்திரா.

மெதுவான மாற்றமும் திடீர் மாற்றமும்

இவ்விளக்கத்தில் நீங்கள் நினைவில் கொள்ள வேண்டிய மிக முக்கியமான பகுதி இதுவே. நோய் இருப்பது தெரிந்த குடும்பங்களில், எந்தப் பின்னடைவையும் “நோய் முற்றிவிட்டது” என்று ஏற்றுக்கொள்ளும் மனநிலை உருவாகிவிடுகிறது. அதனால் குணப்படுத்தக்கூடிய பிற நோய்கள் கவனிக்கப்படாமல் போகின்றன.

உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டியவை:
• முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் திடீரெனச் செயலிழத்தல், பேச்சு சட்டென நின்றுபோதல் (பக்கவாதமாக இருக்கலாம்)
• விழுந்து தலையில் அடிபட்டபின் வாந்தி, மயக்கம், குழப்பம்
• மூச்சுத்திணறல், உணவு தொண்டையில் அடைத்தல்

ஓரிரு நாளில் மருத்துவரைக் காண வேண்டியவை:
• சில நாட்களில் நடை வெகுவாக மோசமாதல்
• காய்ச்சலுடன் தள்ளாட்டம் கூடுதல்
• புதிய மருந்து தொடங்கியபின் தள்ளாட்டம் அல்லது மயக்க உணர்வு

சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, இரத்தத்தில் சோடியம் குறைதல், தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவை தள்ளாட்டத்தைக் கூட்டும். வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயின், உறக்க மாத்திரைகள், மது ஆகியவையும் அவ்வாறே. கடும் வெயிலில் உப்பளத்தில் நாள் முழுதும் நிற்பவர்கள் போதிய நீர் அருந்தாவிடில், மாலைக்குள் நடை மாறுவது இயல்பு. இவற்றில் பலவற்றை எளிய இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளால் அறிந்து சரிசெய்யலாம்.

பதிவைக் கொண்டு எடுக்க வேண்டிய முடிவுகள்

தொழில். கால்களைச் சேர்த்து நிற்கையில் உடல் ஆடத் தொடங்கியிருந்தால், அசையும் படகில் நின்று வலை இழுப்பது ஆபத்தானது. தனியே கடலுக்குச் செல்வதை நிறுத்துங்கள். துணையுடன் சென்றாலும் உயிர்காப்பு மேலங்கி அணியுங்கள். உப்பளத்தில் குறுகிய, வழுக்கும் வரப்பில் தலைச்சுமையுடன் நடக்கும் வேலையை முதலில் விடுங்கள். கரையில் அமர்ந்து வலை சீர்செய்தல், மீன் தரம் பிரித்தல், எடை போடுதல், கணக்கெழுதுதல் போன்றவற்றுக்கு மாறலாம். வேலையை முழுவதும் விடுவதற்கு முன் வேலையின் வகையை மாற்ற இயலுமா எனப் பாருங்கள். உழைப்பும் வருவாயும் மனவலிமைக்கு இன்றியமையாதவை.

வாகனம். கண் அசைவு மந்தமானாலோ, கால் பிரேக்கைத் தேடத் தொடங்கினாலோ இருசக்கர வாகனம் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

வீடு. ஒரு மாதத்தில் இருமுறை விழுந்திருந்தால் காத்திருக்க வேண்டாம். கழிவறையில் கைப்பிடி, வாசற்படியில் பிடிமானம், இரவு விளக்கு, வழுக்காத தரை ஆகியவற்றை அமையுங்கள். ஊன்றுகோலா நடைச்சட்டமா என்பதை இயன்முறை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

உணவு. புரையேறுதல் தொடங்கியிருந்தால் தண்ணீர் போன்ற நீர்த்த பொருள்களே அதிகச் சிரமம் தரும். கஞ்சியைச் சற்றுக் கெட்டியாகக் காய்ச்சுங்கள். மீனை முள் நீக்கி மசித்துக் கொடுங்கள். நிமிர்ந்து அமர்ந்து, சிறு சிறு வாயாக, பேசாமல் உண்ணச் சொல்லுங்கள். விழுங்கும் திறனைப் பேச்சு, விழுங்கல் சிகிச்சை வல்லுநரிடம் காட்டி, அவர் கூறும் முறையைப் பின்பற்றுங்கள்.

பயிற்சி. இன்றைய நிலையில் பயன் நிறுவப்பட்ட வழிகளுள் தொடர்ந்த இயன்முறைப் பயிற்சி முதன்மையானது. 2012-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், சிறுமூளைச் சிதைவு நோயுள்ள 42 பேருக்கு நான்கு வாரம் தீவிரப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களின் சாரா மதிப்பும் நடையும் மேம்பட்டன. பயிற்சி நின்றபின் அந்நன்மை படிப்படியாகக் குறைந்தது. ஆகவே பயிற்சி அன்றாட வழக்கமாக வேண்டும்.

குணப்படுத்துவதாகக் கூறும் விளம்பரங்கள்

ஸ்டெம் செல் ஊசியால் இந்நோயைக் குணப்படுத்துவதாகக் கூறிப் பெருந்தொகை கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஸ்டெம் செல் ஆய்வுக்கான 2017-ஆம் ஆண்டுத் தேசிய வழிகாட்டுதல்களின்படி, இத்தகைய நோய்களுக்கு அதனை அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம். அத்தகைய ஆய்வில் பங்கேற்பவரிடம் கட்டணம் வாங்கலாகாது. புதிய மருந்து ஆய்வு எதிலேனும் சேர அழைப்பு வந்தால், அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா என உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

குடும்பத்தில் உள்ள மற்றவர்கள்

நோய் உறுதியான ஒருவரின் பிள்ளைகளும் உடன்பிறந்தோரும் “எங்களுக்கும் வருமா?” என்று கேட்பது இயல்பு. இரத்தப் பரிசோதனையால் இதனை முன்னரே அறிய முடியும். அறிகுறி இல்லாத ஒருவர் பரிசோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பது முற்றிலும் அவருடைய உரிமை. திருமணப் பேச்சுக்காகவோ சொத்துக்காகவோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசனை பெற வேண்டும். அறிகுறி இல்லாத 18 வயதுக்குட்பட்டோருக்கு இப்பரிசோதனை செய்யப்படுவதில்லை.

பிள்ளைகள் பாத்திரத்தைத் தவறவிடுவதையும் கால் இடறுவதையும் கண்டு ஒவ்வொரு நாளும் அவர்களைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். இடறுதல் எல்லோருக்கும் நேர்வதே. அவர்களாகவே கவலை தெரிவித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பராமரிப்பாளர்களுக்கு

தள்ளாடும் நடையும் குழறும் பேச்சும் மதுவருந்தியவரை ஒத்திருப்பதால், இந்நோயாளிகள் தெருவிலும் பேருந்திலும் அவமதிப்புக்கு ஆளாகின்றனர். இதற்கு அஞ்சியே பலர் வீட்டுக்குள் முடங்குகின்றனர். நோயின் பெயர் குறித்த மருத்துவரின் கடிதத்தின் நகலைச் சட்டைப்பையில் வைத்திருப்பது உதவும். அக்கம்பக்கத்தாரிடமும் படகுத் துணைவர்களிடமும் ஒருமுறை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது மேலும் உதவும்.

பதிவேட்டை நோயாளியுடன் சேர்ந்து எழுதுங்கள். அவர் அறியாமல் குறிப்பெடுப்பது கண்காணிப்பாகத் தோன்றாது. வேவு பார்ப்பதாகத் தோன்றும். ஒரு மாதம் அவருக்கு விருப்பமில்லையெனில் விட்டுவிடுங்கள். விழுதலையும் புரையேறுதலையும் மட்டும் குறித்தால் போதும். உங்கள் உறக்கமும் உடல்நலமும் கெடுகின்றன என்றால் அதனையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ 14416 என்னும் கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

எங்கே உதவி பெறலாம்?

• முதலில் அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தை அணுகிப் பரிந்துரைச் சீட்டுப் பெறுங்கள்.
• பொம்மையார்பாளையம், மரக்காணம் பகுதியினர் முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் நரம்பியல் துறையையோ நாடலாம்.
• 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன. உங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் பதிவு செய்யுங்கள்.
• 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் நாட்பட்ட நரம்பியல் நோய்களால் வரும் இயலாமையையும் உள்ளடக்கியது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் இயலாமை உள்ளவர்கள் பல சலுகைகளுக்குத் தகுதி பெறுகின்றனர். நோய் முற்றும்போது மறுமதிப்பீடு கோரலாம். சாரா மதிப்புகளையும் வீட்டுப் பதிவேட்டையும் உடன் கொண்டுசெல்லுங்கள். உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.
• மருத்துவத் தகவலுக்கு 104.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமா?
பொதுவாகத் தேவையில்லை. நோயைக் கண்டறியும்போது எடுக்கப்படும். பின்னர், வேறு நோய் இருப்பதாக ஐயம் எழுந்தால் மட்டுமே மீண்டும் எடுக்கப்படும்.

மரபணுப் பரிசோதனையை மீண்டும் செய்தால் நோய் முற்றியது தெரியுமா?
தெரியாது. இரத்தத்தில் காணும் சிஏஜி எண்ணிக்கை நோய் முற்றுவதைக் காட்டும் அளவன்று. ஒருமுறை செய்தால் போதும். அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

உறவில் திருமணம் செய்ததால் வந்ததா?
இல்லை. எஸ்சிஏ 1 பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே தோன்றும். ஃபிரெட்ரிக் அட்டாக்சியா போன்ற வேறு சில வகைகள் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே தோன்றும்; அவற்றில் உறவுத் திருமணம் வாய்ப்பைக் கூட்டும்.

இன்னும் எத்தனை ஆண்டுகள் நடக்க முடியும்?
உறுதியாக ஒரு எண்ணைச் சொல்ல எந்த மருத்துவராலும் இயலாது. ஆனால் இரண்டு, மூன்று ஆண்டுப் பதிவுகள் கையில் இருந்தால், உங்கள் நோய் எவ்வேகத்தில் செல்கிறது என்பதை அவர் கூற இயலும். அடுத்த ஓராண்டுக்கு எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பதையும் அதிலிருந்தே அறியலாம்.

அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது உடன் கொண்டுசெல்ல வேண்டியவை: வீட்டுப் பதிவேடு, முந்தைய சாரா மதிப்புகள், உட்கொள்ளும் எல்லா மருந்துகளும், ஒலிப்பதிவுள்ள கைப்பேசி, நீங்கள் கேட்க விரும்பும் மூன்று கேள்விகள்.

இத்தகவல்கள் பொதுவான புரிதலுக்காகத் தரப்பட்டவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு இவை மாற்றாகா. எந்த மருந்தையும் நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.